ஷயர் அத்தியாயம் இல்லாத படம் நாவலுக்கு நேர்மையானதா?

தக்கலை வாசகர்:

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2003 டிசம்பரில் வெளிவந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் இறுதிப் பாகம்தான் அந்தப் படம். சிறந்த தழுவல் திரைக்கதை உட்பட 11 ஆஸ்கர் விருதுகளை அது வென்றது. படமாக அது எவ்வளவு உயர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நாவலைப் பலமுறை படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதை எந்த ஊருக்காகச் சொல்லப்பட்டதோ, அந்த ஊருக்கு நேர்ந்ததைப் படம் விட்டுவிட்டது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீய மோதிரம் எரிமலையில் அழிந்த பிறகு ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் ஆகிய நால்வரும் சொந்த ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். நாவலில் அவர்களை எதிர்கொள்வது பாலத்தின் மேல் பூட்டிக் கிடக்கும் கதவு. உள்ளே போனால் சத்திரங்கள் மூடிக் கிடக்கின்றன. எங்கு பார்த்தாலும் சட்டதிட்டங்களை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பங்கிடுவதற்காக என்று சொல்லி விளைச்சலை அடியாட்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பழைய மாவு ஆலையை இடித்துவிட்டு, புகை கக்கும் பெரிய ஆலையைக் கட்டி ஓடையைக் கெடுத்துவிட்டார்கள். சாமின் தந்தை குடியிருந்த தெரு, மணலும் சரளையும் தோண்டிய பெரும் பள்ளமாக வாய் பிளந்து கிடக்கிறது. ஃப்ரோடோவை வளர்த்த பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த வயலில் நின்ற மரம் வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்ததும், அந்த எரிமலை நிற்கும் மோர்டோர் நாடு வரை போய்த் திரும்பிய சாம் அங்கே அழுதுவிடுகிறான்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் வகுப்பறைச் சன்னல் வழியே தெரிந்த பாறைக்குன்று ஒன்று, இன்று பச்சைத் தண்ணீர் தேங்கிய குழியாக இருக்கிறது. நான் வெளியூரில் வேலை பார்த்த ஆண்டுகளில் அந்தக் கல் முழுவதும் டாரஸ் லாரிகளில் ஏறிப் போய்விட்டது. விடுமுறைக்கு வந்த ஒரு நாள், பேருந்தை விட்டு இறங்கி, குன்று நின்ற திசையைப் பார்த்தபோது வெறும் வானம்தான் தெரிந்தது. அதன் பிறகுதான் சாம் ஏன் அங்கே அழுதான் என்பது எனக்கு விளங்கியது.

படத்தில் நால்வரும் திரும்பி வரும்போது ஷயர் போனபடியே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. டோல்கீனோ, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், இந்த அத்தியாயம் கதைக்கு இன்றியமையாத பகுதி என்றும், தொடக்கத்திலிருந்தே தாம் எண்ணி வைத்திருந்தது என்றும் எழுதியிருக்கிறார். தாம் சிறுவயதில் வாழ்ந்த நாட்டுப்புறம், தமக்குப் பத்து வயது நிறைவதற்குள்ளேயே சீரழிக்கப்பட்டு வந்தது என்றும், ஒரு காலத்தில் செழித்த மாவு ஆலையொன்று பாழடைந்து நிற்கும் படத்தைச் செய்தித்தாளில் கண்டதாகவும் அதே முன்னுரையில் சொல்கிறார். ஆசிரியரே இவ்வளவு சொன்ன பிறகும் அதை வெட்டிய படத்தை நேர்மையான தழுவல் என்று எப்படி அழைப்பது?

நாகர்கோவில் திரை ரசிகர்:

அண்ணாச்சி, உங்கள் குன்றைப் பற்றி எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். நாஞ்சில் நாட்டு வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டதை நாள்தோறும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். ஆனால் அந்த வருத்தத்தை வைத்துப் படத்தை அளக்கக் கூடாது என்பது என் கருத்து.

திரையரங்கில் ஓடிய வடிவமே 3 மணி 20 நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. எரிமலைக் காட்சியில் கதையின் உச்சம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு முடிசூட்டு விழா, ஊர் திரும்புதல், சாமின் திருமணம், துறைமுகத்தில் பிரியாவிடை என்று அடுத்தடுத்து வருவதையே பலர் நீளம் என்று குறை கூறினார்கள். இந்த நிலையில் புதிய அடியாட்களையும் இன்னொரு போரையும் கொண்டுவந்தால், பார்வையாளனின் மனம் அதை ஏற்க இடமே இராது. நாவலைப் படிப்பவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள் திறக்கலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை.

டோல்கீனின் சொல்லையே நீங்கள் எடுத்துக்காட்டியதால் நானும் ஒன்றைக் காட்டுகிறேன். 1957-இல் அவரிடம் ஒரு திரைக்கதை வந்தபோது, எல்லாவற்றையும் நெருக்கித் திணித்துக் குழப்புவதைவிடத் தேர்ந்தெடுத்து வெட்டிச் சுருக்குவதே மேல் என்ற கருத்தைத் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். ஜாக்சன் செய்ததும் அதுதான்.

மேலும், அந்த அத்தியாயத்தின் உயிர் படத்தில் இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. நால்வரும் 'கிரீன் டிராகன்' விடுதியில் உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். உலகையே காத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊர்க்காரர்களின் கண்ணெல்லாம் ஒருவர் தூக்கி வந்த பெரிய பூசணிக்காயின் மேல் இருக்கிறது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் குவளையை உயர்த்துகிறார்கள். ஃப்ரோடோவுக்குச் சொந்த ஊரில் மதிப்பே இல்லாமற் போனதைக் கண்டு சாம் வருந்தினான் என்று நாவல் சொல்வதை, வசனம் ஏதும் இல்லாமல் அரை நிமிடத்தில் காட்டிவிட்டார்கள். ஊர் மாறாமல் இருக்க, போனவர்கள் மட்டும் மாறி வருவதும் ஒரு பெரிய துயரம்தான். வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துவிட்டுத் திரும்பிய நம் மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

குழித்துறை வாசகி:

விடுதிக் காட்சியைப் பற்றித் தம்பி சொன்னதை ஏற்கிறேன். மூன்று படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் வெட்டுவது வேறு, கதையின் திசையைத் திருப்புவது வேறு. காட்டில் வாழும் டாம் பாம்படில் என்ற விசித்திர மனிதர் வரும் பகுதியை முதல் படத்தில் விட்டுவிட்டார்கள். அதனால் கதைக்கு எந்தச் சேதமும் இல்லை. வழியில் ஃப்ரோடோவைச் சந்திக்கும் படைத்தலைவன் ஃபாரமிர் விஷயம் அப்படிப்பட்டதன்று. நாவலில் அவன், மோதிரமாகிய இந்தப் பொருள் நெடுஞ்சாலையில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லி, தன் சொல்லைக் காக்கிறான். படத்தில் அவனே ஃப்ரோடோவையும் சாமையும் சிறைப்பிடித்து ஒஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துச் செல்கிறான். பிறகு மனம் மாறி விடுவிக்கிறான் என்றாலும், நாவலில் நான் மதித்த மனிதன் அவனல்லன்.

எங்கள் அம்மா வீட்டு ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும். பூசைக்கு நேரமாகிவிட்டால் புலவர் கதையைச் சுருக்குவார், கிளைக்கதைகளை விட்டுவிடுவார், மூன்று பாட்டில் சொல்ல வேண்டியதை இரண்டு வரி வசனத்தில் முடிப்பார். ஆனால் தெய்வம் வந்து இறங்குவதற்காக வரத்துப் பாடும் இடத்தை அவர் தொட்டதே இல்லை. அந்த இடத்துக்காகத்தான் கொடையே நடக்கிறது என்பது அவருக்கும் தெரியும், கீழே உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்கும் தெரியும். ஆகவே, எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்பதைவிட, இந்தக் கதைக்கு எது வரத்து என்று கேட்பதே முறை.

பூதப்பாண்டி ஆசிரியர்:

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கிறேன். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். வில் முறிவதற்கு முன்பே மிதிலை வீதியில் அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள். அது வான்மீகியில் இல்லை. இரணியன் வதைப் படலம் முழுவதையும் கம்பன் தானாகச் சேர்த்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் தன் காவியத்தை முடிசூட்டு விழாவோடு நிறைவு செய்துவிட்டான். உத்தர காண்டத்தை அவன் பாடவில்லை. ஒட்டக்கூத்தர் பாடியதாகவே சொல்லி வருகிறார்கள். வென்றவர்கள் ஊர் திரும்பிய பிறகு நேர்ந்த துன்பங்களைப் பாடாததால் கம்பனை நாம் குறைத்து மதிக்கிறோமா? மூலத்தை விட்டு விலகும் உரிமை தழுவுகிறவனுக்கு உண்டு. விலகிய இடத்தில் அவன் என்ன கட்டினான் என்பதை வைத்தே அவனை எடைபோட வேண்டும். அந்த அளவுகோலில் ஜாக்சனின் படம் எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

தக்கலை வாசகர்:

ஐயா, நீங்கள் கம்பனைக் கொண்டுவந்த பிறகு எதிர்த்து எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு வேறுபாடுகளைச் சொல்ல அனுமதியுங்கள். உத்தர காண்டம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று கருதும் அறிஞர்கள் பலர் உண்டு. ஷயர் அத்தியாயமோ ஆசிரியர் முதலிலிருந்தே மனத்தில் வைத்திருந்தது. அடுத்தது, கம்பன் முடிசூட்டு விழாவோடு நிறுத்தியதால், அதற்கு முன் அவன் பாடிய எதுவும் பொருளிழந்து போகவில்லை. படத்தில் அப்படிப் போயிருக்கிறது.

எல்ஃப் என்னும் அமர இனத்துத் தலைவி காலாட்ரியலின், வரக்கூடியதைக் காட்டும் நீர்க்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் சாமும் அதற்குள் பார்க்கிறான். ஊரில் மரங்கள் வெட்டப்படுவதையும், தன் தகப்பன் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதையும் கண்டு, உடனே திரும்பிப் போகத் துடிக்கிறான். பிறகு மனத்தைக் கட்டிக்கொண்டு ஃப்ரோடோவுடன் நடக்கிறான். ஊர் அழிவதை அறிந்தும் நடந்தான் என்பதுதான் சாமின் பெருமை. முதல் படத்தில் ஃப்ரோடோ மட்டுமே பார்க்கிறான். ஷயர் எரிகிறது, மக்கள் விலங்கிடப்பட்டுப் போகிறார்கள். மூன்றாம் படத்தின் முடிவில் அது வெறும் பயமுறுத்தலாகிவிடுகிறது. ஷயரைக் காக்கப் புறப்பட்டேன், அது காக்கப்பட்டுவிட்டது, ஆனால் எனக்காக அன்று என்று ஃப்ரோடோ விடைபெறும் சொற்கள் படத்திலும் இருக்கின்றன. நாவலைப் படித்தவன் அந்த இடத்தில் புகைபோக்கியையும் வெட்டிய மரங்களையும் நினைக்கிறான். படத்தை மட்டும் பார்த்தவனுக்கு நினைக்க என்ன இருக்கிறது?

குளச்சல் வாசகர்:

எனக்கு ஆலையும் மரமும்கூடப் பெரிதில்லை. இரக்கம்தான் இந்தக் கதையின் அச்சு. முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்கு அடிமையான கோல்லமைக் கொல்லாமல் விட்ட பில்போவின் இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் சொல்கிறார். அது படத்திலும் இருக்கிறது. நாவலில் கோல்லம் ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, மகிழ்ச்சியில் ஆடும்போது கால் தவறி நெருப்பில் விழுகிறான். யாரும் அவனைத் தொடவில்லை. படத்தில் ஃப்ரோடோ எழுந்து வந்து அவனோடு மல்லுக்கட்ட, இருவரும் விளிம்பைத் தாண்டிச் சரிகிறார்கள். ஒரு மல்யுத்தத்தின் விளைவாக உலகம் தப்பியது என்று ஆகிவிட்டது. இதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்ல முடியாது. நாவலில் உள்ளபடி எடுத்திருந்தால் நேரம் குறைந்திருக்கும்.

நாகர்கோவில் திரை ரசிகர்:

கோல்லம் காட்சியைப் பற்றிக் குளச்சல் அண்ணன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது பலவீனமான மாற்றம்தான். ஃபாரமிர் பற்றிக் குழித்துறை அக்காவிடம் இன்னமும் மாறுபடுகிறேன். இரண்டு படங்களாக எல்லாரையும் ஆட்டிப்படைத்த மோதிரத்தை ஒருவன் பார்த்தவுடனே வேண்டாம் என்று சொன்னால், திரையில் மோதிரத்தின் அச்சம் அங்கேயே சரிந்துவிடும். தடுமாறி மீள்கிறவனின் உறுதியும் உறுதிதான்.

ஷயர் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அந்த அத்தியாயத்தின் முடிவில்தான் ஷயரைப் பாழாக்கிய மந்திரவாதி சாருமானை அவனுடைய வேலையாள் வார்ம்டங் கத்தியால் கொல்கிறான். நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அந்தச் சாவை ஜாக்சன் சாருமான் வசித்த ஆர்தாங்க் கோபுரத்துக்கு மாற்றிப் படமாக்கியிருக்கிறார். ஆகவே, அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விட்டவர் அல்லர். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டார்.

குழித்துறை வாசகி:

தம்பி, நீங்கள் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கான விடையும் இருக்கிறது. நாவலில் சாருமான் சாவதற்குச் சற்று முன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போர் முடிந்துவிட்டது, ஷயர்வாசிகளான ஹாபிட்கள் 19 பேர் இறந்திருக்கிறார்கள். ஃப்ரோடோ வாளை உருவவே இல்லை. சரணடைந்தவர்களைக் கோபத்தில் யாரும் கொன்றுவிடாமல் தடுப்பதுதான் அவன் வேலையாக இருந்தது. எல்லா அழிவுக்கும் காரணமான சாருமான், போகிற போக்கில் அவனைக் கத்தியால் குத்துகிறான். உள்ளே அணிந்த சங்கிலிச் சட்டை காப்பாற்றுகிறது. சாம் வாளோடு பாய்கிறான். இப்போதுகூட அவனைக் கொல்லாதே என்று ஃப்ரோடோ தடுக்கிறான். தன் ஊரைப் பாழாக்கியவனை, தன் வீட்டு வாசலில், தன்னையே குத்திய பிறகு விட்டுவிடுகிறான். குளச்சல் தம்பி சொன்ன இரக்கத்தின் கடைசிச் சோதனை எரிமலையில் நடக்கவில்லை. அந்த வாசலில் நடந்தது. கோபுர உச்சியிலிருந்து சாருமான் விழுந்து சாகும்போது ஃப்ரோடோ அங்கே இல்லவே இல்லை. நான் கேட்ட வரத்து அதுதான். சாவை எடுத்துக்கொண்டார்கள், மன்னிப்பை விட்டுவிட்டார்கள்.

தக்கலை வாசகர்:

அக்கா, நான் முதலில் எழுதியபோது மரங்களை மட்டுமே நினைத்திருந்தேன். இந்த வாசலை நினைக்கவில்லை. பூதப்பாண்டி ஐயா சொன்ன அளவுகோலை, விலகிய இடத்தில் என்ன கட்டினான் என்பதை, நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதன்படி விடுதிக் காட்சியை ஜாக்சனுக்கு ஆதரவாகவே வைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும். நாவலில் காலாட்ரியல் சாமுக்குக் கொடுப்பது தம் தோட்டத்து மண் நிறைந்த ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு விதையும் இருக்கிறது. மிக அழகான, ஊரார் நேசித்த மரங்கள் அழிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் சாம் ஒரு கன்றை நட்டு, அதன் வேரில் அந்த மண்ணில் ஒரே ஒரு துகளை இடுகிறான். விதையை, விருந்து மரம் நின்ற வயலில் ஊன்றுகிறான். நீட்டிக்கப்பட்ட பதிப்பில் காலாட்ரியல் அவனுக்குப் பரிசாகக் கொடுப்பது ஒரு கயிறு. ஊரில் ஒரு மரமும் விழாத கதையில் அவனுக்கு மண் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும்.