வள்ளியம்மையின் மரணத்தில் தொடங்கும் பத்தி: ஏன் இந்த வரிசை?

சாட்ஸ்வர்த் டீச்சர்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த பத்தி, இங்கே காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்ததில் தொடங்குகிறது. அப்புறம் 1895க்குப் போய், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் மீது போட்ட 3 பவுன் வரியைச் சொல்லி, அதை எதிர்த்த 1913 வேலைநிறுத்தம், 1914இல் வரி நீக்கம் என்று முடிகிறது. ஆண்டு வரிசையிலேயே எழுதியிருக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. எப்படி விளக்கலாம்?

மாரிட்ஸ்பர்க் வாசகன்:
அக்கா, எழுதியவர் வெறும் தகவல் சொல்ல வரவில்லை, நம்மைக் கோபப்பட வைக்க வந்திருக்கிறார். சாவை முதலில் வைத்ததும் 'ஏன் இறந்தாள்?' என்று மனம் கேட்கிறது. மீதி முழுவதும் அதற்குப் பதில். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுஒப்பந்தம் எழுதாமலும் இருந்தவர்கள் ஆண்டுதோறும் 3 பவுன் கட்டவேண்டும் என்ற சட்டத்தை முதல் வாக்கியத்திலேயே படித்தால், அது வெறும் கணக்காகவே தெரியும்.

பீனிக்ஸ் அண்ணன்:
சரிதான் தம்பி. ஆனால் இந்த வரிசை ஒன்றை மறைக்கிறது. பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் வந்த தீர்ப்புதான் பெண்களைப் போராட்டத்துக்குள் இழுத்தது. மரணம், வரி என்று நேராகக் கோடு போட்டதால் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. இதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள் டீச்சர்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:
நன்றி அண்ணா. வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கொடுத்து, தீர்ப்பை எங்கே சேர்ப்பீர்கள் என்று அவர்களையே அடுக்கச் சொல்லப்போகிறேன்.