யூரோப் ட்ரிப்புல ஒரு முழு நாள டிஸ்னிலாண்டுக்கு குடுக்கலாமா?

மூணுபெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் கிளம்புறோம், மொத்தம் 11 ராத்திரி, ஆம்ஸ்டர்டாம் 3, பாரிஸ் 4, அப்புறம் ஸ்விஸ்ல இன்டர்லாக்கன் 4. நான், வீட்டுக்காரர், பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 5, கூட மாமியாரும் வராங்க, அவங்களுக்கு 66, முட்டி வலி இருக்கு, ரொம்ப தூரம் ஒரேயடியா நடக்க முடியாது. பொண்ணு டிஸ்னிலாண்ட் பேர கேட்டதுல இருந்து வேற பேச்சே இல்ல, ஈஃபில் டவர கூட "ட்ரெயின்ல போறப்ப ஜன்னல் வழியா பாத்துக்கலாம்மா"ங்குறா. வீட்டுக்காரர் அப்படியே எதிர்ப்பக்கம், நெசமான கோட்டை தெருவுக்கு தெரு நிக்கிற கண்டத்துக்குப் போய் சிமெண்டுல கட்டின கோட்டைய பாக்க வரிசைல நிக்கணுமான்னு கேக்குறார். அஞ்சு பேருக்கும் டிக்கெட் போட்டுப் பாத்தேன், 400 யூரோவ தாண்டுது, இதுல யூங்ஃப்ராவ் மலை ரயிலும் லிஸ்ட்ல இருக்கு, அது வேற பயங்கர காசு. பாரிஸ்ல முழுசா கிடைக்கிறதே மூணு நாள்தான், அதுல ஒண்ண இதுக்கு விடலாமா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

நடைவண்டி:
போங்க அக்கா. 9 வயசும் 5 வயசும் சேர்ந்து வர்ற வருஷம் இனிமே வராது, லூவர் மியூசியம் எங்கயும் ஓடிப்போகாது.

ஆனா எந்தக் கிழமைன்னு பாத்துப் போங்க, என் கணக்குல செவ்வாய்க்கிழமைதான். லூவருக்கு செவ்வாய் லீவு, அதனால அன்னிக்கு நீங்க இழக்குறது கம்மி, அங்க பள்ளிக்கூடமும் இருக்கும். புதன்கிழமைய தொடாதீங்க, பிரான்ஸ்ல நிறைய சின்னப் பசங்களுக்கு அன்னிக்கு ஸ்கூல் இல்ல. மே மாசத்துல இன்னொரு வம்பு, மே 1 லீவு, மே 8 லீவு, ஈஸ்டர்ல இருந்து 40வது நாள் வர்ற வியாழக்கிழமையும் லீவு, அந்த வியாழனோட வெள்ளியையும் சேத்து பாலம் போடுறோம்னு பாதி நாடு லீவு எடுத்துடும், அந்த நாலு நாள்ல மாட்டிக்கிட்டீங்கன்னா உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் நடக்கும்.

போறது ரொம்ப ஈசி, ஆர்இஆர் ஏன்னு ஒரு புறநகர் ரயில் லைன், நடு பாரிஸ்ல சாட்லேல ஏறினா ஒரு 40 நிமிஷம், கடைசி ஸ்டேஷன் மார்ன் லா வலே ஷெஸ்ஸி, வெளிய வந்தா பார்க் வாசல் கண்ணுக்கு எதிர்ல. ஒண்ணே ஒண்ணு, அந்த லைன் கிழக்குப் பக்கம் ரெண்டா பிரியும், புவாசி சான் லெஜே போற வண்டில ஏறிடாதீங்க, பிளாட்பாரம் போர்டுல ஷெஸ்ஸி பேர் இருக்கான்னு பாத்து ஏறுங்க. முன்னாடி தூரத்துக்கு தகுந்த மாதிரி டிக்கெட் ஏறும், 2025 ஜனவரில இருந்து பாரிஸ் சுத்துவட்டாரம் முழுக்க ஒரே ரேட் ஆக்கிட்டாங்க, ஏர்போர்ட்டுக்கு மட்டும்தான் தனி.

பசங்க உயரம் எவ்ளோ? வீட்லயே செருப்பில்லாம அளந்துட்டுப் போங்க, வாசல்ல நிக்கிற அளவுகோல் முன்னாடி அழுகை வேணாம். அங்க இருக்கிற ரோலர் கோஸ்டர்ல பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 செமீ, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120.

கணக்குப்புலி:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. 400 யூரோங்கிறது டிக்கெட் மட்டும், உள்ள சாப்பாடு தண்ணி பொம்மைன்னு அது தனியா ஓடும், நேரமும் ஒரு நாளோட நிக்காது, காலைல எட்டுக்கு கிளம்பி ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் நின்னா அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் பசங்கள எழுப்ப முடியாது, ஆக ஒன்றரை நாள்.

எங்க கதைய சொல்றேன், எந்த பார்க்னு வேணாம். ஒரு ஆகஸ்ட் மாசம் அம்மாவ கூட்டிட்டுப் போனோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வரிசை, அம்மா காலைல உக்காந்த பெஞ்சுலயே சாயங்காலமும் உக்காந்திருந்தாங்க, எங்க அஞ்சு பைகளுக்கும் காவல். சின்னவன் நாலு மணிக்கு ஸ்ட்ரோலர்லயே தூங்கிட்டான். அவங்க ஒண்ணுமே சொல்லல, அதுதான் இன்னும் உறுத்துது.

இதுல எனக்கு ஒண்ணு புரியல, அஞ்சு பேரும் போகணும்னு யார் சொன்னது? ஆசைப்படுறவங்க போங்க, மத்தவங்க அன்னிக்கு செய்ன் நதில போட்ல போகட்டும். செவ்வாய்க்கிழமை லூவர் இல்லன்னாலும் ஓர்சே மியூசியம் திறந்திருக்கும், அதுக்கு லீவு திங்கள்தான்.

தூறல்:
டிஸ்னிதான் வேணும்னு இல்லன்னா ஆம்ஸ்டர்டாம் பக்கமே எஃப்தலிங்னு ஒரு தீம் பார்க் இருக்கு, 1952ல ஆரம்பிச்சது, பழைய பைன் காட்டுக்குள்ள தேவதைக் கதைங்கள ஆள் உயரத்துக்கு வச்சிருப்பாங்க, குப்பைத்தொட்டிக்குக் கூட வாய் இருக்கு, காகிதத்த இங்க போடுன்னு கத்தி உறிஞ்சிக்கும், எங்க பையன் குப்பை தேடி அலைஞ்சான். இந்திய அல்லிப்பூன்னு ஒரு ஷோ 1966ல இருந்து ஓடுது, பெல்ஜியம் ராணி ஃபபியோலா எழுதின கதை, பழசுதான், ஆனா உக்காந்து பாக்கலாம், மாமியாருக்கு நல்லது. ஒரே குறை, ட்ரெயின் மாறி பஸ் புடிச்சுப் போகணும், வழிக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடும்.

யாராவது யூரோபா பார்க்குனு சொன்னா (ஜெர்மனில, ஸ்ட்ராஸ்பர்க் கிட்ட, உங்க ஸ்விஸ் போற வழிலதான்) யோசிச்சுக்கோங்க. அருமையான இடம், ஆனா சில்வர் ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 140 செமீ வேணும், உங்க பொண்ணு கீழ நின்னு வேடிக்கை பாக்கணும். அப்புறம் அங்க முக்கால்வாசி ஏரியாவ ஒவ்வொரு ஐரோப்பிய நாடு மாதிரி கட்டியிருப்பாங்க, நாளைக்கு நிஜ ஸ்விஸ் போகப்போற உங்க வீட்டுக்காரர் அங்க டூப்ளிகேட் ஸ்விஸ்ஸ பாத்தா என்ன சொல்வாரோ 😄

மூணுபெட்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அளந்துட்டேன், பொண்ணு 128, பையன் 104. எஃப்தலிங் படம் காட்டினேன், நல்லாத்தான் இருக்கு ஆனா அங்க ஃப்ரோசன் பட எல்சா இல்லயேன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டா. கணக்குப்புலி சார் சொன்ன மாதிரி பிரிஞ்சு போலாம்னு வீட்ல சொன்னேன், அவருக்கு ஒரே குஷி, ஓர்சேல தனியா ஒரு நாளாம், இவ்ளோ சந்தோஷப்பட்டது கொஞ்சம் சந்தேகமாவே இருக்கு. மாமியார் அவர் கூட போட்டுக்குப் போவாங்கன்னு நெனச்சா, "நானும் பிள்ளைங்க கூடத்தான் வருவேன்"னு சொல்லிட்டாங்க! இப்ப முட்டிக்கு என்ன பண்றது?

நடைவண்டி:
வரட்டும் அக்கா, வாசல்லயே வீல்சேர் வாடகைக்கு கிடைக்கும், கூச்சப்பட வேணாம்னு முன்னாடியே பேசி வச்சிடுங்க. பார்க்க சுத்தி வர்ற நீராவி ரயில், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் போட், ரெண்டும் உக்காந்தே பாக்கலாம். கோட்டைக்கு அடில ஒரு குகைல பெரிய டிராகன் படுத்திருக்கும், மூச்சு விட்டு உறுமும், உயரக் கணக்கு கிடையாது, நிறைய பேர் அது இருக்கிறதே தெரியாம மேல போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க, பையன் கண்டிப்பா பயப்படுவான்.

104னா பிக் தண்டர் அவனும் ஏறலாம், பக்கத்துலயே டிஸ்னியோட ரெண்டாவது பார்க் இருக்கு, அதுல க்ரஷ் கோஸ்டருக்கு 107, அத பேசாதீங்க. ஹைப்பர்ஸ்பேஸ் பொண்ணுக்கு மட்டும்தான், அவள யார் கூட அனுப்புவீங்க? நீங்க போங்க, அந்நேரம் பாட்டியும் பேரனும் ஐஸ்க்ரீம். ஒரு பார்க் டிக்கெட் போதும், ரெண்டு பார்க் எடுக்காதீங்க. தேதிக்கு தேதி விலை மாறும், செவ்வாய்க்கிழமைய போட்டுப் பாருங்க.

கணக்குப்புலி:
பைகள பெஞ்சுல பாட்டி கிட்ட குடுக்காதீங்க, அவ்ளோதான்.