ஈரநெல்லுக்குக் கழிவு விழவில்லை, எரரும் வரவில்லை

சம்மாந்துறைத் தம்பி:
இங்கே ஒரு நெல் ஆலைக்குப் பைத்தனில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நெல், அதிலிருந்து பிறந்த ஈரநெல், தவிடு, உமி என்று நாலு கிளாஸ். பில் ஃபங்ஷன், வந்தது நெல்லா, ஈரநெல்லா, தவிடா என்று இஸ்இன்ஸ்டன்ஸால் கேட்டுக்கொண்டே இஃப், எலிஃப் என்று இறங்கும். நேற்று ஒரு போடியாரின் (வயல் சொந்தக்காரரின்) நெல் 1000 கிலோ வந்தது, ஈரம் 20 வீதம். 14 வீத ஈரத்துக்குக் காய்ந்ததாகக் கணக்குப் பார்த்தால் 930 கிலோவுக்குத்தான் காசு. பில்லில் 1000 அப்படியே விழுந்திருக்கிறது. போடியார் சிரித்துக்கொண்டே போனார். முதலாளி சிரிக்கவில்லை. எங்கே பிழை?

கல்லடி:
முதல் இஃப்பிலேயே ‘நெல்லா’ என்றுதானே கேட்கிறீர்கள்? ஈரநெல் நெல்லின் பிள்ளை, அதற்கும் ஓம் என்றுதான் பதில் வரும். கீழே இருக்கிற ஈரநெல் வரிக்கு அது போய்ச் சேரவே சேராது. பைத்தனில் ட்ரூவின் கிளாஸான பூல், முழு எண்ணுக்கான இன்ட் கிளாஸின் பிள்ளை. ட்ரூவை இன்ட்டா என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் ஓம் என்னும். ஈரநெல் வரியை மேலே தூக்கிப் போடுங்கள்.

சம்மாந்துறைத் தம்பி:
அதேதான் அண்ணா! 930.23 வந்துவிட்டது.

அக்கரைப்பற்று அக்கா:
பொறுங்க தம்பி. நாளைக்குக் குருணலும் சேர்ந்தால் இந்த இஃப், எலிஃப் ஏணிக்கு இன்னொரு படி. பில்லில் போட்டுவிட்டு ஸ்டொக் அறிக்கையில் மறந்தால் மறுகா இதே கதை. ஏணியையே கழற்றுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் ‘பில்எடை’ என்று ஒரே பெயரில் ஒரு மெதட். நெல்லில் நிறுத்த எடை அப்படியே. ஈரநெல்லில் அதை 100 கழித்தல் ஈரத்தால் பெருக்கி 86ஆல் (100 கழித்தல் 14) வகுத்தது. பில் ஃபங்ஷன் ‘மூடை.பில்எடை()’ என்று மட்டும் கூப்பிடட்டும். எந்த மெதட் ஓடவேண்டும் என்பது அந்த மூடைக்கே தெரியும். குருணல் வந்தால் குருணல் கிளாஸ் எழுதுங்கள், பில்லைத் தொட வேண்டாம்.

வாழைச்சேனை:
அக்கா சொன்னது சரி. ஆனால் ஈரநெல்லுக்குத் தனிக் கிளாஸ் எதற்கு? இன்றைக்கு றோட்டில் காயப்போட்டால் நாளைக்கு அது வெறும் நெல். அப்போது கிளாஸை மாற்றிக்கொண்டா இருப்பீர்கள்? ஈரம் வெறும் எண்தான். நெல்லுக்குள்ளேயே வைத்து, 14க்கு மேல் போனால் கழிக்கட்டும். தவிடும் உமியும் சாக்குக் கணக்கு, அவை தனியாக இருக்கட்டும். அப்புறம், தராசு தரும் சிஎஸ்வி வரியை (கமா போட்டுப் பிரித்த விவரங்களை) பார்த்து எந்தக் கிளாஸ் என்று முடிவெடுக்க ஒரு இஃப் வேண்டும்தான். அது வாசலில் ஒரே தடவை.

சம்மாந்துறைத் தம்பி:
ஈரநெல் கிளாஸை அழித்துவிட்டேன். இப்போது இரண்டே இஃப், வாசலில் ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. கூடக் கொடுத்த 70 கிலோ காசைப் போடியாரிடம் எப்படிக் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள்.