இருட்டில் கடவுள் கூடவே இருக்கிறார் என்பது உண்மையா, ஆறுதல் பேச்சா?

விளக்குத்திரி:
அப்பா இறந்த பிறகு பல மாதம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. அப்போது பிடித்துக்கொள்ளக் கிடைத்தது பைபிளில் உள்ள 139ஆம் சங்கீதத்தின் ஒரு வரி: "உமக்கு இருளும் வெளிச்சமும் சரி." இருட்டு நமக்குத்தான், அவருக்கு இல்லை. கடவுளின் வெளிச்சம் எப்போதும் இருக்கிறது, நாம்தான் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

கேள்விக்குறி:
அப்பாவின் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரி உறுத்துகிறது. என் தம்பி மனச்சோர்வில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். வெளிச்சம் இருக்கிறது, உனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் அவன் காதில் விழுந்தது. நோய் போதாதென்று குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. அவன் மீண்டது மருந்தாலும், தினமும் வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நண்பனாலும்.

விளக்குத்திரி:
சரி, கண்ணை மூடிக்கொள்கிறோம் என்றது தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த நண்பனை அனுப்பியது யார்?

கேள்விக்குறி:
யாரும் அனுப்பவில்லை, அவனாக வந்தான். அவனுக்குச் சேர வேண்டிய நன்றியை ஏன் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள்?

பின்னிரவு:
நானும் நம்பிக்கை உள்ளவள்தான், ஆனால் விளக்குத்திரி சொல்வது போல அல்ல. அன்னை தெரசா 1997இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 2007இல் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. கடவுள் அருகில் இருக்கும் உணர்வே இல்லாமல் ஏறக்குறைய 50 வருடம், நடுவில் சிறிது காலம் தவிர. பிரார்த்தனை மட்டும் நிற்கவில்லை. 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. தொகுத்தவர்கள் அதை வெட்டி எறியவில்லை.

கேள்விக்குறி:
இது என் கட்சிக்குத்தானே பலம்! 50 வருடம் உணரவே முடியாத துணைக்கும் இல்லாத துணைக்கும் என்ன வித்தியாசம்?

பின்னிரவு:
உணர்வை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 23ஆம் சங்கீதத்தில் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? புல்வெளியில் மேயும்போது கடவுள் 'அவர்'. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்'. வசதியான இடத்தில் அவரைப் பற்றிப் பேசியவன், பயந்த இடத்தில் அவரிடமே பேச ஆரம்பிக்கிறான். இல்லாதவரிடம் இப்படிப் பேச முடியுமா?

கேள்விக்குறி:
அழகான கவனிப்பு, ஆனால் நிரூபணம் இல்லை. செத்துப்போனவர்களிடமும்தான் மனசுக்குள் சண்டை போடுகிறோம்.

நொச்சி:
உள்ளே வரலாமா? எங்கள் சைவர்கள் பக்கம் யாராவது துன்பத்தில் இருந்தால் உடனே அப்பரை இழுப்போம். சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டும், "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று இறைவன் திருவடியின் குளிர்ச்சியைப் பாடினாரே என்று. நல்ல பாட்டுதான். ஆனால் அதே அப்பரின் முதல் பதிகம் எப்படித் தொடங்குகிறது? சூலை நோயில் துடித்துக்கொண்டு "கூற்றாயின வாறு விலக்ககிலீர்", எமனாக வந்த இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்று. வந்தனம் எல்லாம் அப்புறம், முதலில் முறையீடு. வலியில் கிடப்பவனிடம் போய் நாம் வீணைப் பாட்டை நீட்டுகிறோம். அவனுக்கு அன்றைக்கு வேண்டியது வயிற்றுவலிப் பாட்டு.

விளக்குத்திரி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா போன முதல் வாரம் யாராவது எனக்கு 139ஐ வாசித்துக் காட்டியிருந்தால் நானே எழுந்து போயிருப்பேன். அது கைக்கு எட்ட நான்கு மாதம் ஆயிற்று. கேள்விக்குறி, தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

கேள்விக்குறி:
வேலைக்குப் போகிறான். சில நாள் கண்ணை மூடி உட்கார்ந்து கும்பிடுகிறான், பிறகு மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன், சிரித்தான். அதற்கப்புறம் கேட்கவில்லை.