ராணுவச் செலவா, முன்னாள் படைவீரர் நலனா: இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையா?

கேள்வி:

பாதுகாப்பு நிதி ஒதுக்கீடு பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், ஓய்வூதியச் செலவு பெருகிவிட்டதால் நவீன ஆயுதங்கள் வாங்கப் பணம் போதவில்லை என்ற வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. இந்தியாவின் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாயில், ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்குப் போகிறது. படைகளுக்கு ஆயுதங்கள், தளவாடங்கள் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடிதான். இவ்விரண்டில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்று பேசுவது சரிதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

அந்த 1.60 லட்சம் கோடியில், பாதுகாப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிவில் ஊழியர்களின் ஓய்வூதியமும் அடக்கம். முழுத் தொகையையும் படைவீரர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதைவிட முக்கியமானது, ஓய்வூதியம் என்பது உழைப்பை முன்பே பெற்றுக்கொண்டு ஊதியத்தில் ஒரு பகுதியைப் பின்னால் தருவதாக அரசு ஒப்புக்கொண்ட கடன். போர்களின் கணக்கும் இப்படித்தான் நீள்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் போரிட்ட ஒருவரின் மகள் 2020இல் இறக்கும்வரை மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் பெற்றுவந்தார். 2001க்குப் பிந்தைய போர்களில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களைப் பராமரிக்க 2050க்குள் 2.2 முதல் 2.5 டிரில்லியன் டாலர் வரை செலவாகும் என்று, பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவு ஆய்வுத் திட்டம் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. போருக்கு ஒப்புதல் கேட்கும் நாளிலேயே இந்தத் தொகையையும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:

எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதைக் காட்டிலும், அது உரியவரின் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதே எனக்குப் பெருங்கவலை. என் தாய்மாமன் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். காது மந்தமான நிலையில் ஓய்வு பெற்ற அவருடைய கோப்பில், மருத்துவ வாரியம் 'பணியால் ஏற்பட்டதன்று' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் பீரங்கியின் அருகில் நின்றவர், அந்த ஓசைதான் தம் செவியைக் கெடுத்தது என்று தாமே நிரூபிக்க வேண்டியிருந்தது. படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் கண்டறியப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், மறுப்பதற்கான ஆதாரத்தைக் காட்டுவது அரசின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் ஊன ஓய்வூதிய வழக்குகள் மேல்முறையீடாகச் சென்றுகொண்டிருப்பது வேதனையளிக்கிறது. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லியை அமெரிக்கப் படை 1971 வரை தெளித்தது. அதனால் நோயுற்ற வீரர்கள் தாமே நிரூபிக்க வேண்டிய சுமையைக் குறைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1991இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் காத்திருந்தே மாண்டிருப்பார்கள்!

மறுமொழி 3:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் தளவாடச் செலவைப் பகையாகக் கருத வேண்டாம். இராக்கில் சாலையோரக் குண்டுகளுக்கு அமெரிக்க வீரர்கள் பலியானபோது, தட்டையான அடிப்பாகம் கொண்ட வண்டிகளுக்குப் பதிலாக, வெடிப்பின் வேகத்தை இருபுறமும் சிதறடிக்கும் சரிவான அடிப்பாகம் கொண்ட கவச வண்டிகள் 2007 முதல் பெருமளவில் வாங்கப்பட்டன. வீரரின் உயிரையும் கால்களையும் காக்கும் செலவும் நலச் செலவே. ஆனால் உயிர் பிழைப்போர் கூடும்போது, வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவைப்படுவோரும் கூடுகிறார்கள் என்பதால், இரண்டு செலவுகளும் சேர்ந்தே வளரும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி வெளியேறுவோருக்கு ஓய்வூதியம் இல்லை. பணிக்காலத்தில் ஊனமுற்றால் ஊனத்தின் அளவுக்கேற்ப 15 முதல் 44 லட்சம் ரூபாய் வரை ஒருமுறை வழங்கப்படுகிறது. ஆனால் அந்தத் தாய்மாமனைப் போல ஒருவருக்கு நாற்பது வயதில் செவி மந்தமானால், அவர் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது?