பாளையங்கால்வாய்க்கு ஒரே திட்டம்: ஐரோப்பிய நகரங்கள் இதை எப்படிச் செய்கின்றன?

வடகரைவாசி:
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். திருநெல்வேலியின் பாளையங்கால்வாயையும் அதன் பாசனக் குளங்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரக் கேட்டு மாநகராட்சிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு தயாராகிறது. சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததுதான். கால்வாய் நீர்வளத்துறையுடையது. அதில் விழுகிற சாக்கடை மாநகராட்சி எல்லைக்குள் இருந்து வருவது. எல்லை தாண்டினால் ஊராட்சி. கடைமடை விவசாயி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நகரமும் சுற்று ஊர்களும் சேர்ந்து ஒரே திட்ட ஆவணம் போட்டு நிதி வாங்குகிறார்கள் என்று படித்தோம். அதில் எல்லையை யார் வரைகிறார்கள், வேலைகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் எந்த வழியில் வருகிறது, எங்கே சொதப்புகிறது? கொள்கை முழக்கம் வேண்டாம், நடைமுறை வேண்டும். மனுவில் அப்படியே எடுத்து எழுதுகிற மாதிரி சொன்னால் பெரிய உதவி.

கொக்கிரகுளம் திட்டம்:
முதலில் சட்டப் பின்னணி, சுருக்கமாக. 1994இல் ‘அர்பன்’ என்ற பெயரில் நலிந்த நகரப் பகுதிகளுக்குத் தனி நிதித் திட்டம் தொடங்கினார்கள். பிறகு அதைப் பொது நிதிக்குள்ளேயே சேர்த்தார்கள். ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியில் ஒவ்வொரு நாடும் குறைந்தது 5% நிலைத்த நகர வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது 2014–2020 விதி. 2021–2027 காலத்துக்கு அது 8%. 2020 நவம்பரில் அமைச்சர்கள் ஏற்ற புதிய லைப்சிக் சாசனம், திட்டம் தெரு, நகராட்சி, நகரமும் சுற்றூர்களும் சேர்ந்த செயல்வட்டாரம் என மூன்று மட்டத்திலும் இயங்க வேண்டும் என்கிறது. உங்கள் மனுவுக்கு அந்த மூன்றாவது மட்டம்தான் முக்கியம்.

நிதி கேட்கும் வட்டாரத் திட்டத்தில் நான்கு பகுதிகள் கட்டாயம். எந்த நிலப்பரப்பு, அங்கே உள்ள தேவையும் வாய்ப்பும் என்ன, துறைகளை எப்படி இணைக்கப் போகிறீர்கள், உள்ளூர் மக்களும் அமைப்புகளும் தயாரிப்பிலும் நிறைவேற்றத்திலும் எப்படிப் பங்கேற்கிறார்கள். இவை பொதுவான தலைப்புகள்போலத் தெரியும். ஆனால் நிலப்பரப்பை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியே ஆக வேண்டும். அந்தக் கோடு நகராட்சி எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாளையங்கால்வாய்க்கு அந்தக் கோடு பழவூர் அணைக்கட்டில் தொடங்கிக் கடைசிக் குளத்தில் முடிய வேண்டும். வார்டு வரைபடத்தை வைத்து ஆரம்பித்தால் திட்டம் பாதியிலேயே வெட்டுப்படும்.

இரண்டாவது, தேர்வு அதிகாரம். திட்டத்தை வகுத்த உள்ளூர் அமைப்புதான் அதன் கீழ் வரும் வேலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறைந்தபட்சம் தேர்வில் அதற்குப் பங்கு இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறையிலேயே எழுதியிருக்கிறது. என் கணிப்பில் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். திட்டம் ஓரிடத்தில் எழுதப்பட்டு, வேலை வேறிடத்தில் முடிவானால், ஒவ்வொரு துறையும் தன் பழைய பட்டியலையே புது அட்டை போட்டுக் கொடுக்கும். மனுவில் நீங்கள் வலியுறுத்த வேண்டியது நிதித் தொகையை அல்ல, இந்தத் தேர்வு அதிகாரத்தை.

பணம் முக்கியமாக இரண்டு வழியில் வரும். ஒன்று ஒருங்கிணைந்த வட்டார முதலீடு. பல நிதிகளிலிருந்து ஒரே நிலப்பரப்புக்குப் பணம் சேர்ப்பது. மற்றொன்று சமூகம் தலைமையேற்கும் உள்ளூர் வளர்ச்சி. இதில் உள்ளூர்ச் செயற்குழு ஒன்று முடிவெடுக்கும். 2014–2020 விதிப்படி அரசு அமைப்புகளோ வேறு எந்த ஒரு தரப்போ அதில் 49%க்கு மேல் வாக்கு வைத்திருக்கக் கூடாது. இப்போதைய விதி எண்ணைக் குறிப்பிடாமல், எந்த ஒரு தரப்பும் முடிவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது.

ஒன்றியம் முழுச் செலவையும் தராது. தலைக்கு உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75%க்குக் கீழ் உள்ள வட்டாரத்துக்கு 85% வரை, வளர்ந்த வட்டாரத்துக்குப் பொதுவாக 40%, இடைப்பட்டதற்கு 60 அல்லது 70. மீதியை அந்த நாடோ நகராட்சியோ போட வேண்டும். பெரும்பாலும் முதலில் கைக்காசைச் செலவழித்து, கணக்குக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். ஓர் ஆண்டின் ஒதுக்கீட்டை அதன்பின் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கணக்கில் காட்டாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். சிறு நகராட்சிகள் தடுமாறுவது இங்கேதான். கையிருப்பு இல்லாததால் கடன் வாங்குவார்கள், டெண்டர் தள்ளிப்போகும், கடைசி ஆண்டில் அவசரமாகச் செலவழிக்க எளிதான வேலையைத் தேர்ந்தெடுப்பார்கள். பூங்கா, நடைபாதை, விளக்குக் கம்பம்.

மேலப்பாளையம் சிவில்:
மேலே சொன்ன கடைசி வரியை நான் பிடித்துக்கொள்கிறேன். அழகுபடுத்தும் வேலை முதலில் வந்தால் கால்வாய் கெடும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் ஆற்றை மீட்டதைப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்கத்தால் தரை இறங்கிக்கொண்டே இருந்தது. பூமிக்குள் குழாய் போட்டால் உடையும் என்பதால், நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த ஆற்றையே திறந்த சாக்கடையாக வைத்திருந்தார்கள். அதை நிர்வகிக்க 1899இல் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தன. சுரங்க வேலை வடக்கே நகர்ந்து தரை அசைவு நின்ற பிறகுதான் 1992இல் மாற்றுப் பணி தொடங்கியது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள். அடுத்து டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை சுமார் 51 கி.மீ. நீளத் தலைமைக் கழிவுநீர்க் குழாய், கிலோமீட்டருக்கு 1.5 மீட்டர் சரிவில், சில இடத்தில் 40 மீட்டர் ஆழம் வரை. குழாய் மேலும் மேலும் ஆழத்துக்குப் போகாமல் இருக்க இடையில் மூன்று நீரேற்று நிலையங்கள். இதோடு கிளைக் குழாய்கள் நானூறு கி.மீ.க்கு மேல். ஓர் ஓடையில் கழிவு முழுவதும் நின்ற பிறகுதான் அதன் கான்கிரீட் தளத்தை உடைத்துக் கரையைச் சீர்செய்தார்கள். 2021 இறுதியில் ஆற்றில் கழிவு விழுவது நின்றது. மொத்தச் செலவு சுமார் 550 கோடி யூரோ, முப்பது ஆண்டு உழைப்பு. ஐரோப்பிய நிதியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கிக் கடனும் அதில் உண்டு. ஆனால் முப்பது ஆண்டும் ஒரே அமைப்பு பொறுப்பில் இருந்ததே அதை முடிக்க வைத்தது.

நம் கால்வாய்க்கு வருவோம். பாசனக் கால்வாய் தலையில் அகலம், வழியில் மடைமடையாய்த் தண்ணீர் பிரிவதால் கடைமடையில் குறுகல். மழைநீர் வடிகாலுக்கு நேர் எதிர்: போகப்போக நீர் சேருவதால் கீழே அகலமாக வேண்டும். ஊர் மழைநீரையும் வீட்டுக் கழிவையும் பாசனக் கால்வாயில் திருப்பினால் கீழே கரை உடைவது இயல்பு. தூர் வாரினால் மட்டும் இது தீராது. 2023 டிசம்பர் 17, 18 மழை மாதிரி வந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே திட்டத்தில் கழிவு, மழைநீர், பாசனம் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சுமார் இரண்டு மணி நேரத்தில் 150 மி.மீ. கொட்டிய பிறகு, 2012இல் போட்ட பெருமழைத் திட்டத்தின் அளவுகோல் இது: நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும் தெருவில் 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக் கூடாது. அந்த எண்ணை இங்கே அப்படியே எடுக்க வேண்டாம், நம் மழை வேறு. மிஞ்சும் நீர் எந்தத் தெரு வழியாக எந்தக் குளத்துக்கு என்று முன்கூட்டியே வரைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கழிவை அளக்கச் சரியான காலம், கால்வாய் அடைத்திருக்கும் நாள்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் விடாதபோது ஓடுவது அத்தனையும் சாக்கடைதான். காலை 6 முதல் 9 வரை, சாக்கடை கால்வாயில் விழும் ஒவ்வொரு விழுவாயிலும் வாளியும் நேரமானியும் வைத்து அளந்தால் போதும், பெரிய ஓட்டத்துக்கு மட்டும் வி வடிவத் தடுப்புப் பலகை. கணக்கோடு ஒப்பிடுங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80% கழிவு, அதாவது 108 லிட்டர். 4,000 பேர் வாழும் பகுதி என்றால் 4,32,000 லிட்டர், சராசரி நொடிக்கு 5 லிட்டர். உச்ச நேரத்துக்கு மூன்று மடங்கு வைத்து 15 லிட்டருக்கு இடைமறிப்புக் குழாய், அதாவது கழிவைக் கால்வாயில் விழாமல் பிடித்துக் கொண்டுபோகும் குழாய், போடணும். குழாயில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓடாவிட்டால் மண் படியும். அளந்தது கணக்கைவிட மிக அதிகமாக இருந்தால் குளத்துக் கசிவோ குடிநீர்க் குழாய் உடைப்போ சேர்கிறது. மிகக் குறைவாக இருந்தால் வீடுகள் உறைகிணற்றில் விடுகின்றன, அது நிலத்தடி நீரைக் கெடுக்கும் வேறு பிரச்சினை.

வடகரைவாசி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. தேர்வு அதிகாரம் உள்ளூர் அமைப்புக்கு என்றால், நம் சட்டத்தில் அந்த அமைப்பு எது? புதிதாக ஒரு கம்பெனி தொடங்கச் சொல்வார்களோ?

வண்ணார்பேட்டை வக்கீல்:
கம்பெனி வேண்டாம். அரசியல் சட்டம் 243 இசட்.டி. பிரிவில் மாவட்டத் திட்டக் குழு ஏற்கெனவே இருக்கிறது. உறுப்பினரில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கு, மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பது. அதன் வேலையாகச் சட்டம் சொல்வதில் நிலப்பரப்புத் திட்டமிடலும், ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான தண்ணீரைப் பகிர்வதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. மனுவை அந்தக் குழுவின் பெயருக்கும் ஒரு படி அனுப்புங்கள். துறைகளைக் கூட்டி வைக்கச் சட்டத்தில் இடம் கொடுத்த மேடை அது.

விவசாயிகளுக்கு 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டத்தின் கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உண்டு. செயற்குழு கேட்டால் அந்தச் சங்கம், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், கால்வாய்க் கரையில் குடியிருப்போர் நான்கு தரப்பும் வேண்டும். எந்தத் தரப்புக்கும் பாதிக்கு மேல் வாக்கு கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். நகர உறுப்பினர் எண்ணிக்கையில் கூடுதல், இந்த வரம்பு இல்லாவிட்டால் கடைமடைக்குக் குரலே இருக்காது. கரைக் குடியிருப்போரை விட்டுவிட்டு ஆக்கிரமிப்பு அகற்றலை மட்டும் பேசினால் திட்டம் நீதிமன்றத்தில் போய் நிற்கும். மாற்று இடமும் அதற்கான செலவும் முதல் ஆண்டு மதிப்பீட்டிலேயே வரணும்.

கொக்கிரகுளம் திட்டம்:
இன்னும் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஐரோப்பிய விதியில், வேலையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதை இயக்கவும் பராமரிக்கவும் நிதிவழி இருக்கிறதா என்று சரிபார்க்கணும். கட்டமைப்பு வேலை முடிந்து கடைசிப் பணம் கொடுத்ததிலிருந்து 5 ஆண்டு அதன் தன்மை மாறக் கூடாது, மாறினால் நிதி திரும்பப் போகும். ஒவ்வொரு வேலைக்கும் நீரேற்று நிலைய மின்கட்டணம் யார் தலையில் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குழாய் போட்டும் கழிவு கால்வாய்க்கே திரும்புவது பெரும்பாலும் மோட்டார் ஓடாததால்தான்.

அடுத்து அளவுகோல். எத்தனை மீட்டர் குழாய் போட்டோம் என்பது வெளியீடு. எத்தனை பேர் வீட்டுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் சேர்ந்தது என்பது விளைவு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது ஐரோப்பிய நிதியின் வழக்கம். தெருக் குழாய் முடிந்தும் வீட்டு இணைப்பு தராத இடம் முதல் எண்ணில் தேறிவிடும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். அதனால் மனுவில் இரண்டாவது எண்ணைத்தான் இலக்காக வையுங்கள். நீரின் தரத்துக்கு, சுத்திகரித்து வெளியேறும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (மிஞ்சியிருக்கும் கரிமக் கழிவின் அளவுகோல்) அதிகபட்சம் லிட்டருக்கு 25 மி.கி. என்பது 1991இன் ஐரோப்பிய ஆணை. இங்கே உள்நாட்டு நீர்நிலையில் விட 30 மி.கி. என்பது பொதுத் தரம். பாசனத்துக்கு என்று சொல்லி 100 வரை விடுவார்கள். கால்வாய்க்குள் விடுவதை எந்தக் கணக்கில் எடுக்கப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மேலப்பாளையம் சிவில்:
கோடு வரைய ஆவணம் வேண்டுமே. நீர்வளத்துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மடைப் பட்டியல், ஒவ்வொரு மடையின் ஆயக்கட்டு (அது பாயும் நிலப்பரப்பு), கால்வாயின் நெடுகத் தரைமட்டத்தைக் காட்டும் நீள்வெட்டு வரைபடம் மூன்றையும் கேளுங்கள். தாலுகாவில் நிலத்தின் வகையும் உரிமையும் காட்டும் அ-பதிவேடும், எல்லை காட்டும் புலப்பட நகலும். மாநகராட்சியிடம் பாதாளச் சாக்கடை வரைபடத்தில் இணைப்பு கொடுத்த வீட்டுக் கணக்கு, தெருவாரியாக. நீள்வெட்டு கிடைத்ததும் விழுவாய்களின் தரைமட்டத்தை அதில் குறித்தால், எந்தக் கழிவு தானாகச் சரிந்து நிலையத்துக்குப் போகும், எதற்கு மோட்டார் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தானாகச் சரிகிறவற்றை முதல் கட்டத்தில் போடுங்கள்.