டர்ட் ஜம்ப் சைக்கிளுக்கு ஃபோர்க்: ட்ரெயில் ஃபோர்க்கைக் குறைப்பதா, தனியாக வாங்குவதா?

ஒற்றைகியர்
டர்ட் ஜம்ப்புக்கு (மண்மேடுகளில் தாவி ஓட்டுறதுக்கு) ஒரு சைக்கிள். 26 இன்ச் ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத) ஃப்ரேம், 100 மி.மீ. ட்ராவல் (அமுங்கும் தூரம்) உள்ள முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கென்று வடிவமைத்தது. ஹெட் ட்யூப் (ஃபோர்க் தண்டு நுழையும் குழாய்) டேப்பர், அதாவது கீழே அகலம்; முன் பிரேக் இல்லை. 27.5 இன்ச் சக்கரத்துக்கான 140 மி.மீ. ட்ரெயில் (காட்டுப்பாதை) ஏர் ஃபோர்க், காத்தழுத்தத்தில் இயங்குறது ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாக வருது. அப்படியே மாட்டலாமா, 100-க்குக் குறைக்கணுமா, இல்ல டர்ட் ஜம்ப் ஃபோர்க்தான் வாங்கணுமா?

மண்மேடு
அப்படியே மாட்டவே மாட்டாதீங்க. ட்ராவலில் 40 மி.மீ. கூடுது. 27.5 ஃபோர்க்கின் கால் 26-ஐ விட சுமார் 12 மி.மீ. நீளம். மொத்தம் 50 மி.மீ. முன்பக்கம் தூக்கும். 20 மி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூபின் கோணம்) சாயும். 69 டிகிரி ஃப்ரேம் 66.5 ஆகிடும். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கும் இடம்) உயரும், ஹேண்டில்பார் பின்னால் வரும், பார்ஸ்பின் (ஹேண்டில்பாரை முழுசா சுத்துற வித்தை) போடும்போது சக்கரம் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் விழும்.

குறைச்சாலும் என் ஓட்டு அதுக்கு இல்ல. ராக்‌ஷாக்ஸ் பைக் டிஜே, மார்சோக்கி பாம்பர் டிஜே, மேனிடௌ சர்க்கஸ் எல்லாமே இந்த வேலைக்கே பிறந்தவை. பைக் டிஜேயில் 35 மி.மீ. ஸ்டான்ஷன் (ஃபோர்க்கின் மேல்குழாய்), பாம்பர் டிஜேயில் 36. தாவல் எட்டாம கேஸ் ஆகி லேண்டிங் மேட்டின் முனையில் குத்தும்போது ஃபோர்க் கால் முறுகாம நிற்கணும். ட்ராவலை விட அதுதான் இங்க முக்கியம்.

சாவிக்கொத்து
முதல் பாதியை முழுசா ஒத்துக்கிறேன், இரண்டாவதை இல்லை. ட்ரெயில் ஃபோர்க்கும் 35 மி.மீ. ஸ்டான்ஷன்னா முறுக்குவலிமை அதேதானே? விலை வித்தியாசத்துக்கு நல்ல ஹப்பே (சக்கரத்தின் நடுப்பாகம்) வாங்கிடலாம்.

குறைக்கிறது ஏர் ஷாஃப்ட் (உள்ளே காத்தை நெருக்கும் பிஸ்டனின் தண்டு) மாத்துற வேலை. இரண்டு காலையும் மேலே இணைக்கிற க்ரௌனுக்குப் பின்னால் இருக்கும் சீரியல் நம்பரை வச்சு அந்த மாடலுக்கு 100 மி.மீ. ஷாஃப்ட் இருக்கான்னு முதல்ல பாருங்க. எல்லா மாடலுக்கும் கிடையாது. இல்லைன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சது. இருந்தா: வால்வில் காத்தை முழுசா இறக்குங்க, ஃபோர்க்கை அமுக்கி அமுக்கி இன்னொரு தடவை இறக்குங்க. கீழ் போல்ட் இரண்டையும் நாலஞ்சு சுத்து தளர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டி விடுவிச்சு, கீழ்க்கால்களை உருவணும். பிறகு சர்க்ளிப் (பூட்டு வளையம்), ஷாஃப்ட். உள்ளே கொஞ்சம் காத்து மிஞ்சி இருந்து சர்க்ளிப்பைக் கழட்டினா சீல் ஹெட் (காத்தை அடைக்கும் மூடி) முகத்துக்கே பறக்கும். இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடாது. திரும்பப் பூட்டும்போது க்ரஷ் வாஷர் புதுசு, கீழ்க்கால் ஆயில் புதுசு.

மண்மேடு
பூட்டின பிறகு என்ன ஆகுதுன்னு சொல்லலையே சாவிக்கொத்து. ஏர் சேம்பர் 140-க்கு அளவானது. இப்போ பிஸ்டன் 100 மி.மீ. மட்டும்தான் ஏறுது, காத்து அந்த அளவுக்கு நெருக்கப்படாது. கடைசியில் இறுகாம நேரா அடிமட்டத்தில் இடிக்கும். அதைத் தடுக்க பிரஷர் ஏத்தினா தொடக்கம் கல்லாகிடும், அப்பவும் பெரிய ஜம்ப்பில் இடிக்கும்.

சாவிக்கொத்து
சரியான பாயின்ட், ஆனா அதுக்குத்தானே டோக்கன். சேம்பரின் கொள்ளளவைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு, மேல் மூடிக்கு அடியில் திருகுறது. ட்ராவல் குறையக் குறைய அனுமதிக்கிற எண்ணிக்கை கூடும். அந்த மாடலின் அட்டவணையில் உச்ச வரம்பு இருக்கு, அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொண்ணா சேர்த்து ஓட்டிப் பாருங்க. தெரிஞ்ச ஜம்ப்பில் சுத்தமா இறங்கும்போது ஸ்டான்ஷனில் ஓ-ரிங் (எவ்வளவு அமுங்கிச்சுன்னு காட்டும் ரப்பர் வளையம்) கடைசி 10 மி.மீ.க்கு முன்னால் நிக்கணும். மிச்சத்தை கேஸுக்கு வைங்க.

ஒற்றைகியர்
அண்ணே, காலில் கூடுற அந்த 12 மி.மீ.?

சாவிக்கொத்து
அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல, தம்பி. கீழே வெளிக்கப் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) இருந்து, ஃப்ரேம் இடம் கொடுத்தா, ஃப்ரேமுக்குள் அமரும் ஜீரோ ஸ்டாக் கப் போடுங்க. பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

மண்மேடு
ஹப்பையும் கணக்கில் எடுங்க. பைக் டிஜே 15×100 (அச்சின் விட்டம் × ஹப் அகலம், மி.மீ.), பாம்பர் டிஜே 20×110. புது ட்ரெயில் ஃபோர்க் பெரும்பாலும் 15×110, அதாவது பூஸ்ட் எனும் அகல அளவு. பழைய 15×100 ஹப்பை பூஸ்டில் பூட்ட இரண்டு பக்கமும் 5 மி.மீ. அடாப்டர் வேணும். முன் பிரேக் இல்லாததால் ரோட்டர் (பிரேக் தட்டு) ஸ்பேசர் தொல்லை உங்களுக்கு இல்லை.

செகண்ட் ஹேண்டில் என் பெரிய பயம் க்ரௌன். ஸ்டீரரும் (ஹெட் ட்யூபுக்குள் போகும் தண்டு) ஸ்டான்ஷனும் க்ரௌனில் பிரஸ் செய்து பொருத்தினவை. சக்கரத்தை 90 டிகிரி திருப்பி, முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளுங்க. க்ரௌனிலிருந்து 'கிரீச்'னு வந்தா வாங்காதீங்க. அதைச் சரிபண்ண வழி இல்ல, மேல்பாகம் முழுசா மாத்தணும். ஸ்டான்ஷன் கீறலில் நகம் மாட்டினா சீல் ஒழுகும். ஸ்டீரரையும் அளங்க: ஹெட் ட்யூப், ஹெட்செட், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாத்தையும் கூட்டி 3 மி.மீ. கழிச்ச நீளமாவது இருக்கணும். வெட்டினதை நீட்ட முடியாது.

சாவிக்கொத்து
இந்தச் சோதனைக்கு நானும் கை தூக்குறேன். க்ரௌன் சத்தம் போட்டா இலவசமா கொடுத்தாலும் வேணாம்.

எது வாங்கினாலும் செட்டிங் ட்ரெயில் மாதிரி வைக்காதீங்க. அங்க சாக் (ஓட்டுறவர் எடையில் அமுங்குற அளவு) 20, 25 சதவீதம். இங்க 10 முதல் 15, அதாவது நின்னு ஏறினா 10–15 மி.மீ. மட்டும் இறங்கணும். அதுக்கு மேல போனா லிப்பில் (தாவுற மேட்டின் விளிம்பில்) நம்ம கால் கொடுக்கிற உந்துதலை ஃபோர்க் விழுங்கிடும், முன்சக்கரம் தாழ்ந்தே கிளம்பும். காத்து அடிச்சதும் பத்து தடவை மெதுவா அமுக்கி, திரும்ப அடிங்க. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குக் காத்து போறதால் பிரஷர் இறங்கி இருக்கும். ரீபவுண்டை (அமுங்கின ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை), தரையில் இறங்கும்போது ஹேண்டில்பார் கையைத் தூக்காத அளவுக்கு மட்டும் மெதுவாக்குங்க. ரொம்ப மெதுவானா ரோலர் (சின்ன மேடுகள்) வரிசையில் ஃபோர்க் எழும்பாமலே அடுத்த மேட்டுக்குப் போயிடும்.

மண்மேடு
செட்டிங்கில் சண்டை இல்லை. என் முடிவு அப்படியே: 100 மி.மீ. ஷாஃப்ட், டோக்கன், சர்வீஸ் கிட், அடாப்டர் இவற்றின் விலையைச் செகண்ட் ஹேண்ட் விலையோடு கூட்டுங்க. புது டர்ட் ஜம்ப் ஃபோர்க்கின் முக்கால் விலையைத் தாண்டினா புதுசு. வாரண்டியும் சேர்ந்து வருது.

ஒற்றைகியர்
சீரியல் நம்பர் படம் கேட்டிருக்கேன். 100 ஷாஃப்ட் இருந்தா நாளைக்கு க்ரௌனைத் தள்ளிப் பார்த்துட்டு இங்கேயே எழுதுறேன்.